ஹிதெதாக்கா மியாசாகி: ஐந்து கேம்களில் எதை முதலில் ஆடுவது?

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தலைவரும் அதன் முதன்மை இயக்குநருமான ஹிதெதாக்கா மியாசாகியின் பெயரைப் பலமுறை கேள்விப்பட்டும், அவருடைய கேம்களில் ஒன்றையும் இதுவரை தொடாமல், எங்கிருந்து தொடங்குவது என்று தயங்கி நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. (அனிமேஷன் திரைப்பட இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கும் இவருக்கும் குடும்பப் பெயர் மட்டுமே பொது; வேறு உறவு இல்லை.) பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ், 2011-இல் வந்த டார்க் சோல்ஸ், 2015-இல் வந்த பிளட்போர்ன், 2019-இல் வந்த செகிரோ, 2022-இல் வந்த எல்டன் ரிங். 2016-இல் வெளியான டார்க் சோல்ஸ் 3-ஐயும் அவர் இணை இயக்குநர்களுடன் சேர்ந்து இயக்கினார் என்றாலும், அதன் பல இடங்கள் முதல் பாகத்தை ஆடியவருடைய நினைவை நம்பியே அமைக்கப்பட்டிருப்பதால் அதில் தொடங்குவதில் பயன் குறைவு. 2014-இன் டார்க் சோல்ஸ் 2-ஐ இயக்கியவர்கள் தோமோஹிரோ ஷிபுயாவும் யூயி தனிமுராவும். அந்த நேரத்தில் மியாசாகி பிளட்போர்னில் மூழ்கியிருந்தார். எனவே அதையும் விட்டுவிடலாம்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. எல்லாவற்றிலும் புதியதும் பெரியதும் எல்டன் ரிங் என்பதால் அதில் தொடங்கலாம் என்பது ஒன்று. வெளிவந்த வரிசையிலேயே ஆடிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே கேமின் வயதைப் பார்க்கின்றனவே தவிர, ஆடப்போகிறவருக்கு அதற்குள் என்ன நேரும் என்பதைப் பார்க்கவில்லை. எது எளிது, எது கடினம் என்ற வகையில் ஒப்பிடுவதும் அதிகம் உதவாது. ஏனெனில் ஐந்திலுமே எங்கோ ஓரிடத்தில் ஒரு பாஸ், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரி, உங்களைத் திரும்பத் திரும்பக் கொல்லத்தான் போகிறது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்படி முட்டி நிற்கும் ஆட்டக்காரருக்கு அந்த கேம் என்ன வழி வைத்திருக்கிறது? இந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஐந்தையும் பார்த்தால், தொடக்கத்துக்கு எது ஏற்றது என்பது தெளிவாகிவிடும் என்பது என் கருத்து. மியாசாகியின் வாழ்க்கைப் பாதைக்கும் இந்த அளவுகோலே பொருந்துகிறது.

அவர் ஷிசுவோகாவில், வசதி குறைந்த குடும்பத்தில் வளர்ந்தவர். புத்தகம் வாங்கப் பணமில்லாததால் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படித்ததாகவும், தன் வயதுக்கு மீறிய நூல்களில் புரியாத பகுதிகளைப் படங்களைப் பார்த்துத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டதாகவும் அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கெய்யோ பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்தார். பிறகு ஆரக்கிள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் கணக்குகளைக் கவனிக்கும் வேலை. நண்பர் ஒருவரின் பரிந்துரையில், ஃபுமிதோ உவேதா இயக்கிய இக்கோ என்ற கேமை ஆடிய பிறகே, இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அப்போது அவருக்கு வயது 29, அனுபவம் இல்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த நிறுவனங்கள் மிகச் சில. ஊதியம் குறையும் என்று தெரிந்தே 2004-இல் ஃப்ரம்சாஃப்ட்வேரில் சேர்ந்து, எந்திர மனிதர்கள் மோதும் ஆர்மர்டு கோர் வரிசையில் திட்டமிடுநராகத் தொடங்கி, 2006-இல் ஆர்மர்டு கோர் 4-ஐயும் 2008-இல் அதன் தொடர்ச்சியையும் இயக்கினார். அந்தக் கேம்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைக் கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முயல்வது சுற்றுவழி.

உண்மையான திருப்பம் டீமன்ஸ் சோல்ஸ். நிறுவனத்துக்குள்ளேயே அது தடுமாறிக்கொண்டிருந்த திட்டம். கிட்டத்தட்டத் தோல்வி என்றே கருதப்பட்டது. அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் தன் எண்ணப்படி மாற்றலாம், தோற்றாலும் ஏற்கெனவே தோற்றதுதானே என்று யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று கணக்குப் போட்டதாக மியாசாகி பின்னாளில் விளக்கியிருக்கிறார். 2009 பிப்ரவரியில் சோனி அதை ஜப்பானில் வெளியிட்டபோது விற்பனை மெதுவாகவே நகர்ந்தது. மேற்கு நாடுகளில் வெளியிட சோனிக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் நாம்கோ பண்டாயும் வெளியிட்டன. ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பரவியது.

இந்த கேமில் முட்டி நிற்பவருக்கு உள்ள வழி மிக நேரடியானது. நெக்ஸஸ் என்ற நடுக்கூடத்திலிருந்து ஐந்து உலகங்களுக்குப் பாதை பிரிகிறது. பொலட்டேரியா கோட்டையின் முதல் பாஸைக் கொன்றுவிட்டால், ஒரு உலகத்தில் முடியவில்லை என்றால் எழுந்து வேறொன்றுக்குப் போய்விடலாம். ஆனால் அந்த முதல் பாஸ் வரை லெவலை, அதாவது பாத்திரத்தின் வலிமை நிலையை, உயர்த்த முடியாது, ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் சேமிப்பு இடம் கிடையாது, இறந்தபின் உயிர் அளவு பாதியாகக் குறைந்த நிலையில்தான் மீண்டும் தொடங்க வேண்டும். ஆவி உருவில் இல்லாமல் உடலோடு இருக்கும்போது இறந்தால் அந்த உலகமே இருண்டு, எதிரிகள் இன்னும் வலுப்பெறுகிறார்கள். அதாவது தடுமாறுகிறவரையே மேலும் தள்ளிவிடும் ஏற்பாடு. இது பிற்காலக் கேம்களில் கைவிடப்பட்டதற்குக் காரணம் புரிகிறது. மேலும் இன்று இதை ஆடுவதே ஒரு சிக்கல். மூலக் கேம் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டுமே உரியது, அதன் இணையச் சேவையும் 2018 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த மறு உருவாக்கம் புளூபாயிண்ட் நிறுவனத்தின் கைவேலை. கட்டமைப்பு அப்படியே இருந்தாலும், முகங்கள், கட்டடங்கள், இசை எல்லாம் வேறொரு குழுவின் ரசனையில் மாற்றப்பட்டிருக்கின்றன. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் மியாசாகியைத் தேடிவருபவருக்கு முதலில் அதைக் காட்டுவது முறையாகாது. ஒருவரிடம் பிளேஸ்டேஷன் 5 மட்டுமே இருந்து, குறுகிய கேமைத் தேடுகிறார் என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

டார்க் சோல்ஸுக்கு வருவதற்கு முன் இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இவருடைய கேம்களில் இணையத்தின் வழியே அறிமுகமில்லாத ஒருவர் ஆவி உருவில் வந்து உதவிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் மறைந்துபோகும் ஏற்பாடு உண்டு. அதன் வேர் ஒரு பனிக்கால அனுபவம் என்று மியாசாகி விவரித்திருக்கிறார். மேட்டுச் சாலையொன்றில் முன்னால் சென்ற கார்கள் பனியில் வழுக்கி நின்றபோது, பின்னால் வந்தவை அவற்றை முட்டித் தள்ளி மேலே ஏற்றின. அவருடைய காரும் அப்படித்தான் ஏறியது. நன்றி சொல்ல நிறுத்தினால் மறுபடியும் சிக்கிக்கொள்ளும் என்பதால் யாரும் நிற்கவில்லை. வரிசையின் கடைசியில் இருந்தவர் மேலே வந்து சேர்ந்தாரா என்பதும் அவருக்குத் தெரியாது. கடினத்துக்காகவே பேசப்படும் ஒரு இயக்குநர், முட்டி நிற்பவருக்கு உதவி எப்படி வந்துசேர வேண்டும் என்பதைப் பற்றியே இவ்வளவு யோசித்திருக்கிறார். தான் கைத்திறன் மிக்க ஆட்டக்காரர் அல்ல என்றும், தன் கேம்களை ஆடும்போது கிடைக்கும் எல்லா உதவிகளையும் பயன்படுத்துவதாகவும் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். உதவி எடுத்துக்கொள்வது மானக்கேடு என்று புதியவர்களிடம் சொல்கிறவர்கள் அவரைவிடக் கண்டிப்பானவர்களாக இருக்கிறார்கள்.

2011 செப்டம்பரில் வந்த டார்க் சோல்ஸில் நெக்ஸஸ் போன்ற நடுக்கூடமோ பிரிந்து நிற்கும் உலகங்களோ இல்லை. லார்ட்ரான் என்ற ஒரே நிலம், மேலும் கீழுமாகச் சுருண்டு தன்னோடு தானே இணைந்து கிடக்கிறது. ஃபயர்லிங்க் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, இறவாதோர் குடியிருப்பின் கூரைகளையும் பாலத்தையும் கடந்து, பல மணி நேரம் கழித்துத் தேவாலயப் பகுதியை அடைந்தவர், அங்கே ஒரு லிஃப்டில் ஏறிக் கீழே இறங்கினால், கதவு திறப்பது தொடங்கிய அதே ஃபயர்லிங்க் ஆலயத்தில். கேமின் முதல் பாதி முழுவதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிச்செல்லும் வசதி கிடையாது; அனோர் லோண்டோ என்ற நகரைக் கடந்து ஒரு கலத்தைப் பெற்ற பிறகே அது கிடைக்கிறது. வரைபடமும் இல்லை. ஆகவே ஆட்டக்காரர் அந்த நிலத்தைக் கால் நடையாகவே மனப்பாடம் செய்கிறார். பிளைட்டவுன் சதுப்பின் அடியில் நின்று மேலே பார்க்கும்போது, தான் வெகுதூரம் வந்துவிட்டோம், திரும்பிப் போகவேண்டுமானால் ஏறித்தான் ஆகவேண்டும் என்று உண்மையாகவே அச்சம் வருவது இந்த ஒன்றில்தான். மற்ற நான்கிலும் அந்த உணர்வு இந்த அளவுக்கு இல்லை.

இங்கே முட்டி நிற்பவருக்கு என்னென்ன வழிகள்? ஏறத்தாழ எல்லா வழிகளும் உண்டு, ஆனால் எதுவும் இலவசம் இல்லை. வேறு பாதையில் போகலாம். அந்தப் பாதை எங்கே போய்ச் சேரும் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டும். லெவலை உயர்த்தலாம், அதற்கு எதிரிகளைக் கொன்று ஆன்மாக்களைச் சேர்த்து, இறந்தால் விழுந்த இடத்துக்கே போய் மீட்டெடுக்க வேண்டும். ஆயுதத்தை வலுப்படுத்தலாம், கொல்லனைத் தேடிப்போக வேண்டும். உதவிக்கு ஆளழைக்கலாம், அதற்கு மனித உருவை மீட்டிருக்க வேண்டும், அப்படி மீட்டவரை மற்ற ஆட்டக்காரர்கள் படையெடுத்து வந்து தாக்கவும் கூடும். இணைய இணைப்பு இல்லாதவருக்கும் சோலேர் போன்ற கதைமாந்தர்கள் சில பாஸ்களுக்கு முன் துணைக்கு வருகிறார்கள். குணப்படுத்தும் எஸ்டஸ் குடுவை, ஓய்வெடுக்கும் இடமான போன்ஃபயரில் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் என்பதால் மருந்து தீர்ந்துபோய்த் தவிக்கும் நிலையும் இல்லை. ஆனால் உட்கார்ந்ததும் கொன்ற எதிரிகள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை முன்கூட்டியே தெரிகிறது. இந்தச் சமநிலைதான் இந்த கேமின் பெருமை என்று நான் நினைக்கிறேன்; அடுத்தடுத்து வந்த கேம்களில் மியாசாகி இதில் ஒவ்வொரு இழையையும் இறுக்கியோ தளர்த்தியோ பார்த்திருக்கிறார்.

கதை சொல்லும் முறையும் இங்கேதான் முழு வடிவம் பெற்றது. யார் யாரோடு போரிட்டார்கள், ஏன் அந்த நகரம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பவற்றை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஒரு மோதிரத்தின் விவரக் குறிப்பு, ஒரு சிலை உடைக்கப்பட்டிருக்கும் விதம், ஒரு பிணம் கிடக்கும் இடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. படங்களைப் பார்த்து மீதியைக் கற்பனை செய்த அந்த நூலகச் சிறுவனின் பழக்கம், இங்கே ஆட்டக்காரருக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கதையைத் தவறவிட்டுவிட்டோமோ என்று புதியவர் கவலைப்பட வேண்டியதில்லை. தவறவிடுவதற்கென்றே அமைக்கப்பட்டது அது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அனோர் லோண்டோவுக்குப் பிந்தைய பகுதிகள் தரத்தில் இறங்குகின்றன. லாஸ்ட் இசலித் அவசரத்தில் முடிக்கப்பட்ட இடம் போலவே தோன்றுகிறது, அங்குள்ள பாஸ் சண்டை இந்த ஐந்து கேம்களிலும் மிக மோசமானவற்றுள் ஒன்று. ஆழ்சாக்கடையில் வரும் பசிலிஸ்க்குகளிடம் சாபம் பெற்றால் உயிர் அளவு பாதியாகிவிடும், அதைத் தீர்க்கும் பொருளைத் தேடி அலைய வேண்டும். குதிப்பது சிரமம், சண்டை, பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் மெதுவானது. பழைய கன்சோல்களில் பிளைட்டவுனில் படம் திக்கித் திக்கி ஓடியதுண்டு. 2018-இல் வந்த மறுசீரமைக்கப்பட்ட பதிப்பு கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ சுவிட்ச் ஆகியவற்றில் கிடைப்பதால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அர்தோரியஸ் பற்றிய கூடுதல் பகுதியும் அதிலேயே சேர்ந்து வருகிறது.

2014-இல் கடோகவா குழுமம் ஃப்ரம்சாஃப்ட்வேரைக் கையகப்படுத்தியது. அதே ஆண்டில் மியாசாகி அதன் தலைவரானார். சேர்ந்து பத்தே ஆண்டுகளில் தலைவர் என்பது வியப்புக்குரியது என்றாலும், அவர் இயக்குவதை விட்டுவிடவில்லை என்பதே முக்கியமானது. அந்தப் பதவிக்குப் பின் வந்த முதல் கேம், 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும் வெளியான பிளட்போர்ன். யார்நம் என்ற, கூர்ங்கோபுரங்கள் நெருக்கியடிக்கும் நகரில் ஒரு வேட்டை இரவு. மிருகக் கதையாகத் தொடங்கி, மனித அறிவுக்கு எட்டாதவற்றைப் பற்றிய அச்சமாக மாறுகிறது. மூலக் கேமில் கேடயம் என்று சொல்லத்தக்கது ஒரு மரப்பலகை மட்டுமே, அதுவும் ஒரு கேலிபோல் வைக்கப்பட்டது. அடிபட்ட சில நொடிகளுக்குள் திருப்பித் தாக்கினால் இழந்த உயிரில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம் என்பதால், பின்வாங்குகிறவரைவிட முன்னேறுகிறவருக்கே கேம் சாதகமாக இருக்கிறது.

ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனாலும் தொடக்கத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், முட்டி நிற்பவரிடம் இது நடந்துகொள்ளும் விதம். குணப்படுத்தும் இரத்தக் குப்பிகள் எஸ்டஸ் போலத் தானாக நிரம்புவதில்லை; சேமிப்பில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் தீர்ந்தால் எதிரிகளைக் கொன்றோ விலை கொடுத்தோதான் சேர்க்க வேண்டும். நன்றாக ஆடுகிறவரிடம் குப்பிகள் குவியும், கற்றுக்கொண்டிருக்கிறவரிடம் தீர்ந்துபோகும். ஒரு பாஸிடம் பலமுறை தோற்றவர், அடுத்த முயற்சிக்கு முன் தெருத் தெருவாகப் போய்க் குப்பி சேகரிக்க வேண்டிய நிலை வருகிறது. தொடக்கத்தில், முதல் பாஸ்களில் ஒன்றைச் சந்திப்பது போன்ற வழிகளில் நுண்ணறிவுப் புள்ளி கிடைக்கும் வரை லெவலை உயர்த்தவும் முடியாது. படம் இன்னமும் நொடிக்கு 30 ஃபிரேம்களிலேயே ஓடுகிறது, கணினிப் பதிப்பு அதிகாரபூர்வமாக வரவில்லை. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர், இருண்ட கற்பனைக் கதைகளில் ஈடுபாடு உள்ளவர், டார்க் சோல்ஸின் மந்தமான நடை தன்னைத் தூங்கவைத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறவர், இவர்களுக்கு மட்டும் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

செகிரோவின் நிலை தனி. ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் நடந்த சென்கோகு காலத்துக் கற்பனை நாடான அஷினாவில், தன் இளம் தலைவனைக் காப்பாற்றப் புறப்படும் ஒற்றைக் கை ஷினோபியின் (நிஞ்சாவின்) கதை. இதில் பாத்திரத்தை நாம் உருவாக்குவதில்லை. ஒரே வாள், ஒரே மனிதன், மரத்தாலான செயற்கைக் கையில் சில கருவிகள். எதிரியின் வாள்வீச்சை உரிய கணத்தில் தட்டிவிட்டு அவனுடைய நிலைப்பைக் குலைப்பதே சண்டையின் மையம். விலகி ஓடுகிறவனுக்கு இதில் வெற்றி மிகவும் தாமதமாகும். அழைக்க ஆள் கிடையாது, இணைய உதவியும் கிடையாது. ஆன்மாக்களைச் சேர்த்து லெவலை உயர்த்திக்கொண்டு வந்து பழிவாங்கவும் முடியாது, ஏனெனில் தாக்கும் வலிமை பெரும்பாலும் பாஸ்களை வென்றால்தான் கூடும். 2019-இல் இது வந்தபோது எளிய நிலை ஒன்றைச் சேர்க்க வேண்டுமா என்ற விவாதம் பெரிதாக எழுந்ததற்கு இதுதான் காரணம். அதே ஆண்டில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதையும் இது பெற்றது.

முட்டி நிற்பவருக்குச் செகிரோ வைத்திருக்கும் வழி ஒன்றே: கற்றுக்கொள்வது. ஆனால் அந்த ஒரு வழியை அது சுத்தமாக வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீண்டும் தொடங்கும் இடம் பெரும்பாலும் பாஸுக்கு அருகிலேயே இருக்கும். பாழடைந்த கோயிலில் இறக்க முடியாத ஹன்பே என்பவர், நாம் வெட்டிப் பழகுவதற்காகவே நிற்கிறார். மற்றவற்றைப் போலன்றி, இதில் நடுவில் ஆட்டத்தை நிறுத்தியும் வைக்கலாம். சண்டை விளையாட்டுகளிலோ தாளத்தோடு விசை அழுத்தும் விளையாட்டுகளிலோ பழக்கம் உள்ளவர்களுக்கு இது மற்ற நான்கையும்விட விரைவில் பிடிபடக்கூடும். மியாசாகி என்ற இயக்குநரை அறிமுகம் செய்துகொள்ளும் நோக்கத்துக்கோ இது விலகி நிற்கும் படைப்பு. இதில் பழகிய கை, அடுத்து டார்க் சோல்ஸுக்குப் போனால் முதல் சில மணி நேரம் ஒவ்வொரு அடியையும் தட்டிவிடப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கும்.

எல்டன் ரிங்கைப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் கையிலெடுப்பது இதைத்தான். 2022 பிப்ரவரி 25-இல் வெளியாகி, சுமார் மூன்றே வாரங்களில் 1.2 கோடிப் பிரதிகளைக் கடந்து, ஓராண்டுக்குள் 2 கோடியை எட்டியது. அதன் பின்னணித் தொன்மத்தை அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதினார்; இணை இயக்குநராக யூயி தனிமுரா இருந்தார். டோரன்ட் என்ற குதிரை, பரந்த நிலம், வரைபடம், தொடக்கம் முதலே தாவிச்செல்லும் வசதி, பாஸுக்கு அருகிலேயே உயிர்பெற மரிக்காவின் கம்பங்கள், துணைக்கு அழைக்க ஆவிச் சாம்பல்கள் என்று முட்டி நிற்பவருக்கு இவ்வளவு தாராளமாக வழி விட்ட கேமை மியாசாகி இதற்கு முன் செய்ததில்லை. தொடக்க நிலமான லிம்கிரேவில் கால் வைத்ததும் எதிரே வரும் தங்கக் கவசக் குதிரைவீரனிடம் தோற்கிறவருக்கு அது கற்றுத்தருவது, சுற்றிக்கொண்டு போ என்பதைத்தான்.

இவ்வளவு தாராளம் இருக்கும்போது இதில் தொடங்கினால் என்ன? இரண்டு தடைகள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, விலகிப்போகும் சுதந்திரத்தின் பக்க விளைவு. தொடக்கத்தில் வரும் பாஸான மார்கிட்டிடம் தோற்றவர் பத்து மணி நேரம் வேறெங்கோ சுற்றிவிட்டு, வலுவோடு திரும்பி வந்து அவனை எளிதில் வீழ்த்திவிடலாம். ஆனால் முதலில் ஏன் தோற்றார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம். பிற்பகுதியில், எதிரிகளின் வீச்சு நீண்டுகொண்டே போகும் இடங்களில், அந்தக் கடன் மொத்தமாகத் திரும்பி வருகிறது. தொடக்கத்தில் இவ்வளவு பிடித்திருந்ததே என்று சொல்லிக்கொண்டே முக்கால்வாசியில் நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர்.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது, ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. டார்க் சோல்ஸிலிருந்து எல்டன் ரிங்குக்குப் போகிறவர் ஒவ்வொரு சேர்க்கையையும் அதன் பயன் தெரிந்து வரவேற்பார்: இதோ குதிக்க ஒரு விசை, இதோ வரைபடம், இதோ பாஸ் வாசலிலேயே மீண்டும் எழும் வசதி. எதிர்த்திசையில் போகிறவருக்கு ஒவ்வொன்றும் இழப்பாகவே தெரியும். குதிரையில் சுற்றிப் பழகியவரை, தாவிச்செல்லவும் முடியாமல் பிளைட்டவுன் ஏணிகளில் ஏறச்சொன்னால், அந்த ஏணிகளில் இருக்கும் கலையைப் பார்க்கும் பொறுமை அவரிடம் இருக்காது. எல்டன் ரிங்கை முதலில் ஆடியவர்கள் பழைய கேம்களைப் பாதியில் விடுவது ரசனைக் குறைவால் அல்ல, வரிசை மாறிப்போனதால். மியாசாகியின் கேம்களில் ஒன்றை மட்டும் ஆடி முடித்துவிட்டு விலகப்போகிறவருக்கு எல்டன் ரிங் போதும், நல்ல தேர்வும்கூட. இன்னும் இரண்டு மூன்றையாவது ஆடும் எண்ணம் உள்ளவர் அதைப் பின்னால் வைத்துக்கொள்வதே மேல்.

அதன் அளவும் ஒரு செய்தி. சாதாரண வேகத்தில் ஆடினாலே அறுபது, எழுபது மணி நேரம். ஆர்வத்தோடு தேடிப் பார்ப்பவருக்கு நூறைத் தாண்டும், 2024 ஜூனில் வந்த எர்ட்ட்ரீ விரிவாக்கத்தைச் சேர்க்காமலே. அந்தப் பரப்பில் ஒரே மாதிரியான நிலவறைகளும் திரும்பத் திரும்ப வரும் பாஸ்களும் உண்டு. ஸ்டார்ம்வெயில் கோட்டை போன்ற இடங்களில் டார்க் சோல்ஸை வடிவமைத்த அதே கை அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் அதை அடையாளம் காண டார்க் சோல்ஸை அறிந்திருக்க வேண்டும். டார்க் சோல்ஸோ நாற்பது முதல் ஐம்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதிகளில் மட்டும் ஆடுகிறவருக்கு இந்த வேறுபாடு சில மாதங்கள்.

ஆகவே என் பரிந்துரை, கணினியோ நடப்புக் கன்சோல் எதுவோ வைத்திருக்கும் ஒருவருக்கு, டார்க் சோல்ஸின் மறுசீரமைக்கப்பட்ட பதிப்பு. அது பிடித்தால், பிளேஸ்டேஷன் உள்ளவர் அடுத்து பிளட்போர்னுக்கும், இல்லாதவர் நேராக எல்டன் ரிங்குக்கும் போகலாம். செகிரோவை எங்கே வைத்தாலும் சரி, ஆனால் இரண்டு சோல்ஸ் வகைக் கேம்களுக்கு நடுவில் வேண்டாம். பத்து மணி நேரத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்த ஒரு கேமை வைத்து இவரை ஒதுக்கிவிடாமல் செகிரோவை முயன்று பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கிறது. கணினியில் ஆடுகிறவர்கள் விசைப்பலகையை நம்பாமல் ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கொள்வது அவசியம்.

டார்க் சோல்ஸில் தொடங்குகிறவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நைட் அல்லது வாரியர் வகுப்பை எடுத்தால் நல்ல கவசமும் கேடயமும் கையில் இருக்கும். தொடக்கப் பரிசாக மாஸ்டர் சாவியை எடுக்கச் சொல்லி அனுபவசாலிகள் பரிந்துரைப்பார்கள்; முதல் ஆட்டத்தில் அது தேவையில்லை, தகுதிக்கு மீறிய இடங்களுக்கான கதவுகளைத்தான் அது திறந்துவிடும். ஃபயர்லிங்க் ஆலயத்தை அடைந்ததும் மூன்று திசைகள் தெரியும். கல்லறைப் பக்கம் எலும்புக்கூடுகள் இரண்டு மூன்று அடிகளில் கொன்றுவிடும். கீழே இறங்கினால் நியூ லோண்டோவின் ஆவிகளை உங்கள் ஆயுதம் தொடவே செய்யாது. இரண்டும் சரியான வழிகள்தான், ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு உரியவை அல்ல. குன்றை ஒட்டி மேலே ஏறும் படிகளில் போங்கள்; அங்கேயும் சாவீர்கள், ஆனால் ஏன் செத்தீர்கள் என்பது தெரியும்.